நூற்று இருபத்தாறு படிகள்

திபிலிசியின் பழைய அடுக்ககங்களில்
லிஃப்ட்டுக்குக் காசு போட வேண்டும்.
அந்தக் காசுப்பெட்டிகளையும் கம்பிவடங்களையும்
பழுது பார்ப்பது என் வேலை.
மல்காஸ் காதை வைத்தே கண்டுபிடித்துவிடுவான் என்பார்கள்.
உண்மைதான்.
எந்த உருளை தேய்ந்திருக்கிறது,
எந்தத் தளத்தில் கதவு தயங்குகிறது,
கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன்.
எங்கே கற்றாய் என்று யாரும் கேட்டதில்லை.

எட்டாம் மாடியில் கற்றேன்,
ஏழு வயதில்,
கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில்.

கிளம்பும்போது கீழே ஒரு செருமல்.
மூன்றில் நின்றால் தையல்காரி லமாரா.
ஐந்தில் நின்றால் யாரோ, நமக்கென்ன.
ஏழைத் தாண்டிவிட்டால்
அப்பா.

அம்மா தெசலோனிக்கியில்
யாரோ ஒரு கிழவரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள்.
பேருந்து ஓட்டுநர் கையில் பொட்டலம் வரும்:
ஆலிவ் சோப்பு,
ஓர் அளவு சிறிய காலுறை.
என் கால் வளர்ந்ததை
யாரும் அவளுக்கு எழுதவில்லை.

அந்த வருடங்களில் மின்சாரம் வராது.
மண்ணெண்ணெய்ப் புகையில் இருமிக்கொண்டே
ஊர் சபித்தது.
எனக்கு இருட்டு பிடிக்கும்.
லிஃப்ட் ஓடாது, அவர் ஏறித்தான் வரவேண்டும்.
நூற்று இருபத்தாறு படிகள்.
நாலாம் மாடியில் நின்று மூச்சு வாங்கினால் வெறும் திட்டு.
சுவரைத் தடவிக்கொண்டு வந்தால் தூங்கிவிடுவார்.
சீட்டியடித்துக்கொண்டு வந்தால்
பெல்ட்.
எதுவானாலும்
பாத்திரம் கழுவ, ரொட்டியை ஒளித்துவைக்க,
முகத்தைத் துடைத்துக் காலியாக்க
நேரம் இருந்தது.

ஒரு நள்ளிரவில் கரண்ட் வந்தது.
எல்லாச் சன்னல்களிலிருந்தும்
வந்துவிட்டது, வந்துவிட்டது என்று கைதட்டல்.
எதிர்க் கட்டடத்தில் யாரோ பியானோகூட வாசித்தார்கள்.
அத்தனை குதூகலத்திலும்
கீழே லிஃப்ட் செருமியதைக் கேட்டவன்
நான் ஒருவன்.

இப்போது நாற்பத்து மூன்று வயது.
காத்தூனா தட்டைக் கொஞ்சம் ஓங்கி வைத்தால்
மன்னித்துக்கொள் என்கிறேன்.
எதற்கு என்கிறாள்.
தெரியவில்லை,
பையில் கைவிட்டால் முதலில் அகப்படும் காசு அது.
உனக்கு என்ன தோன்றுகிறது, சொல்லேன் என்பாள் சில இரவுகளில்.
நீ களைத்திருக்கிறாய்,
இடது தோள் வலிக்கிறது,
காலையில் உன் அக்கா போன் செய்திருக்கிறாள் என்பேன்.
எல்லாம் சரியாக இருக்கும்.
நான் உன்னையல்லவா கேட்டேன் என்பாள்.
என்னைத் தேடிப் போனால்
அங்கே ஒரு பையன்
வாயில் விரல் வைத்து, உஷ்,
ஏழைத் தாண்டுகிறதா பார் என்கிறான்.

கருவிப் பையின் அடியில் எப்போதும் ஒரு துண்டு ரொட்டி.
அவள் பார்த்திருக்கிறாள்.
காய்ந்ததை எடுத்துவிட்டுப் புதிதை வைக்கிறாள்.
இதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.

அப்பா செத்து ஒன்பது வருடம்.
சவப்பெட்டியின் முன்னால் அழுகை வரவில்லை.
விரல்கள் மட்டும் எதையோ எண்ணிக்கொண்டிருந்தன.

நேற்று இரவு நுட்சாவிடம்
போனை வைத்துவிட்டுப் படு என்றேன்.
பன்னிரண்டு வயது.
நீ மோசமான அப்பா என்று கத்தினாள்,
கதவை அறைந்தாள்,
கூடத்துக் கண்ணாடி அதிர்ந்து ஓய்ந்தது.
வடம் அறுந்த பெட்டியாய் நெஞ்சு கீழே போக
கதவில் காதை வைத்தேன்.
மூச்சை அடக்கும் ஓசை இல்லை.
கட்டிலுக்கடியில் நகரும் ஓசை இல்லை.
வந்து மன்னிப்புக் கேட்பாள் என்று நின்றேன்.
கேட்கவில்லை.
கொஞ்ச நேரத்தில் குறட்டை,
சின்னதாக, சளி பிடித்த மூக்கில்.
கோபத்தை அப்படியே வைத்துக்கொண்டு
என்னைப் பற்றி ஒரு கவலையும் இல்லாமல்
தூங்கிவிட்டாள்.

சமையலறையிலிருந்து காத்தூனா எட்டிப் பார்த்தாள்.
ஏன் சிரிக்கிறாய் என்றாள்.
சிரிக்கிறேனா?

கீழே லிஃப்ட் கிளம்பியது.
பேசாதே என்று அவளுக்குக் கைகாட்டிவிட்டு
எண்ணினேன்.
ஐந்து.
யாரோ.